பேட்டரி சார்ஜரில் சூப்பர் கெப்பாசிட்டர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தேவகோட்டை கல்லூரி மாணவர்: டிபி4056 சார்ஜிங் போர்டில் 100 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக மாட்டினேன். கால் மணி நேரம் ஆகியும் 3 வோல்ட் வரவில்லை. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாகவே இருக்கிறது. அதில் இருப்பது லித்தியம் செல்லை ஏற்றுவதற்கான சிப். 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் செல் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சுமார் 130 மில்லி ஆம்பியர்தான் விடும். கெப்பாசிட்டரோ பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும். தொடரில் இரண்டும் சேர்ந்து 50 ஃபாரட்; 2.9 வோல்ட் எட்டவே பதினெட்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குப் பிறகு 1 ஆம்பியர் வரும், ஒன்றிரண்டு நிமிடத்தில் 4.2 வந்துவிடும்.

அவசரமென்றால் 2 ஆம்பியர் தரும் 5 வோல்ட் அடாப்டரிலிருந்து 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக முதலில் ஏற்றுங்கள். மூன்றரை நிமிடத்தில் 2.9 வரும். ரெசிஸ்டர் கொதிக்கும், தொடாதீர்கள். ஒற்றைக் கெப்பாசிட்டரை மட்டும் இந்தப் போர்டில் மாட்டவே கூடாது. அது தாங்குவது 2.7 வோல்ட்தான்.

கானாடுகாத்தான் வாசகி: கரண்ட் போனால் எங்கள் வளவில் விளக்கெரிய இதை வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. 100 ஃபாரட்டில் ஆறைத் தொடராக வைத்து 13.8 வோல்ட் ஏற்றினாலும் 5 வாட் எல்இடி மூன்று நான்கு நிமிடம்தான் எரியும். பேட்டரியே சரி.

பள்ளத்தூர் பட்டறைக்காரர்: பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரில் இதே ஆறு கெப்பாசிட்டரை ஏற்றி பைக் ஸ்டார்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். காலியான கெப்பாசிட்டர் சார்ஜருக்கு ஷார்ட் மாதிரி. அதனால் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடரில் போடுங்கள். முதலில் பளிச்சென்று எரிந்து, ஏற ஏற மங்கும். கரண்ட் எவ்வளவு போகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இந்தச் சார்ஜரின் வோல்ட்டைப் பிடித்து வைப்பது பேட்டரிதான். பேட்டரி இல்லாவிட்டால் கெப்பாசிட்டர், சார்ஜரிலிருந்து ஏறி இறங்கி வரும் மின் அலையின் உச்சி வரை, 18 வோல்ட்டுக்கும் ஏறிவிடும். ஆறுக்கும் சேர்த்து எல்லையே 16.2. அதனால் பல்பு மங்கிவிட்டது என்று விட்டுவிடாமல், மீட்டரைப் பார்த்து 14 வோல்ட்டில் கழற்றுங்கள். நிரந்தரமாக வைப்பதென்றால் அந்த அளவில் வெட்டும் ரிலே போர்டு போடுங்கள். ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் வோல்ட்டைச் சமன் செய்யும் போர்டும் கட்டாயம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைப்பதானால் 13 வோல்ட்டோடு நிறுத்துங்கள், ஆயுள் கூடும்.

வேலை முடிந்ததும் அதே பல்பைக் குறுக்கே வைத்து வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். அதற்கும் முன்னால் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.