ரிசர்வ் சைட்டை ஒதுக்கியது யார்?

கேள்வி: கோவை மாநகராட்சிக்குள் அப்பா வழியில் வந்த 42 சென்ட் காலி இடம் எங்களுக்கு இருக்கிறது. நகர் ஊரமைப்புத் துறையின் விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் இதைப் பூங்காவுக்கான ரிசர்வ் சைட் (பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம்) என்று காட்டியிருக்கிறார்கள். முப்பது வருடம் ஆகியும் கையகப்படுத்தவில்லை, ஒரு ரூபாய் இழப்பீடும் தரவில்லை. போன மாதம் மாநகராட்சி வேலி போட்டு போர்டும் வைத்துவிட்டது. கேட்கப் போன என்னை அதிகாரி ஒருமையில் பேசினார். பக்கத்து இடத்தில் மட்டும் அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது, காலிமனை வரியும் தவறாமல் கட்டுகிறோம். 1988இல் முன்பக்க நிலத்தை அப்பா லேஅவுட் போட்டு விற்றபோதுகூட இந்த இடத்தை விற்கவில்லை. இங்கே கூட்டாகக் கட்டிடம் கட்ட ஒரு பில்டர் 15 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். 38ஆம் பிரிவின்படி இடம் தானாகவே விடுபட்டுவிட்டது என்கிறார். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: அதிகாரியின் வாய், பக்கத்து வீட்டு அனுமதி, வரி ரசீது எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த இடத்தில் கட்டிடம் கட்ட முடியுமா என்பதுதான் பிரச்சினை. அதற்கான விடை, போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன 1988 லேஅவுட்டில் இருக்கிறது.

பில்டர் சொன்னது பாதி சரி. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 26 அல்லது 27ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், 37(2) பிரிவின் கீழ் கையகப்படுத்தும் அறிவிக்கை வர வேண்டும், அல்லது பேசி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது 38ஆம் பிரிவு. இதை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் பல நிலங்களை விடுவித்திருக்கிறது.

ஆனால் அந்தப் பிரிவு, அரசு தன் திட்டத்தில் அடுத்தவர் நிலத்தின் மேல் போட்ட ஒதுக்கீட்டுக்கு. உங்கள் அப்பாவே லேஅவுட் வரைபடத்தில் "பூங்கா" என்று காட்டி, அந்த வரைபடத்துக்கு அனுமதி வாங்கி, அதைக் காட்டி மனைகளை விற்றிருந்தால் கதை வேறு. அப்போது அது அவரே கொடுத்த வாக்கு. அதை நம்பி வாங்கியவர்கள் இன்றும் அங்கே குடியிருப்பார்கள். 38ஆம் பிரிவை நீட்டினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரைபடத்தை எடுத்து வைக்கும். வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இதற்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "அந்த இடத்தை அப்பா மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லையே!" சேத் ராம் வசிஷ்ட் வழக்கில், டெல்லி மாநகராட்சி லேஅவுட்டின் திறந்தவெளியைக் காசில்லாமல் தனக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னது செல்லாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதே தீர்ப்பிலேயே, அப்படி ஒதுக்கிய இடத்தை உரிமையாளர் பொதுமக்களின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார், அதை விற்கும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியைப் படித்துவிட்டு ரிட் போட வருகிறவர்களே அதிகம். பெங்களூரில் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே 1991இல் செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அடுக்குமாடிக்கு அனுமதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

42 சென்ட் என்றால் சுமார் 1,700 சதுர மீட்டர். 3,000க்குக் கீழ் என்பதால் திறந்தவெளி ஒதுக்கீடே தேவையில்லை என்றும் பில்டர் சொல்லியிருப்பார். அது புதிய விண்ணப்பத்துக்கான கணக்கு. 1988இல் ஒதுக்கியதை அது அழிக்காது.

ஆகவே வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அப்பா விற்ற மனைகளில், இந்த 42 சென்ட்டை ஒட்டிய இரண்டு மூன்று மனைகளின் கிரயப் பத்திர நகல் எடுங்கள். சொத்து விவரத்தில் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் பாருங்கள். "மேற்கில் பூங்காவுக்கு விட்ட இடம்" என்ற மாதிரி இருந்தால், கீழே அப்பாவின் கையெழுத்தும் இருக்கும். "மேற்கில் எனது பாக்கி நிலம்" என்றிருந்தால் உங்கள் வழக்குக்கு உயிர் இருக்கிறது. கூடவே, அனுமதி பெற்ற லேஅவுட் வரைபடத்தின் சான்றிட்ட நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

அடுத்து பில்டர். எனக்குக் கவலை இங்கேதான். உங்களைப் போல அட்வான்ஸ் வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் ஒரே மாதிரி வரியில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: "மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமோ, அரசு ஒதுக்கீடோ இல்லை." பெரும்பாலும் பொது அதிகாரப் பத்திரமும் சேர்த்துப் பதிவாகியிருக்கும். திட்ட அனுமதி மறுக்கப்பட்டதும் பில்டர் அந்த வரியை எடுத்துக்கொண்டு வட்டியோடு பணம் கேட்டு வழக்குப் போடுவார், மோசடிப் புகாரும் கொடுப்பார். ரிசர்வ் சைட் என்று தெரிந்தே அவர் வந்தார் என்பதைக் காட்ட உங்களிடம் துண்டுக் காகிதம்கூட இருக்காது. அதைவிட மோசம், அதிகாரப் பத்திரத்தை வைத்து அவர் மூன்றாம் ஆளோடு பேரம் பேசியிருந்தால் அந்த ஆளும் உங்கள் மேல்தான் பாய்வார்.

இன்னொரு வகைக் கட்சிக்காரர்களும் உண்டு. "விடுபட்டதாகக் கொள்ளப்படும்" என்று சட்டமே சொல்கிறதே என்று அஸ்திவாரம் தோண்டியவர்கள். ஒதுக்கீடு நீங்கினாலும் 49ஆம் பிரிவின் திட்ட அனுமதி வேண்டும், நில உபயோக வகைப்பாடும் ஒத்துவர வேண்டும். அனுமதி இல்லாமல் எழுப்பிய சுவருக்கு சீல் வைத்த பிறகு 38ஆம் பிரிவு பேசி யாரும் திறக்க வைத்து நான் பார்க்கவில்லை. வேலியைப் பிடுங்கப் போகாதீர்கள்.

லேஅவுட்டில் பூங்கா என்று இருக்கவில்லை, திட்டத்தில் மட்டும்தான் என்றால் ரிட் போடுங்கள். அரசிதழ் தேதியை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். திட்டம் நடுவில் திருத்தி மறுபடி அறிவிக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பார்க்காவிட்டால் அரசு வழக்கறிஞர் பார்ப்பார்.

லேஅவுட்டில் பூங்கா என்றே இருந்தால் சண்டை வேண்டாம். வரைபடத்தை அளந்து பாருங்கள். பூங்காவாகக் காட்டியது 42 சென்ட்டும்தானா, அதில் ஒரு பகுதியா? பகுதி மட்டும் என்றால் அதைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு உட்பிரிவும் அனுமதியும் கேளுங்கள். 42ஐயும் பிடித்துக்கொண்டு பத்து வருடம் கோர்ட்டுக்கு நடப்பதைவிட, கையில் வருகிற 15 சென்ட் மேல்.

பில்டர் பணத்தை எப்படியும் திருப்பிக் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக. ஒப்பந்தத்துக்கும் அதிகாரப் பத்திரத்துக்கும் ரத்துப் பத்திரம் பதிவாகிற அன்றே பணம் போக வேண்டும், ஒரு நாள் முன்னதாகக்கூட வேண்டாம்.