கழற்றிய சென்சார் எங்கே?

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் நின்றது. சர்வீஸ் சென்டரில் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரை இரண்டு முறை மாற்றி 11,400 ரூபாய் வாங்கினார்கள். மறுபடியும் நெடுஞ்சாலையில், குழந்தைகளோடு நின்றுவிட்டது. மேனேஜர் எடுத்தெறிந்து பேசுகிறார். மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மேனேஜர் பேச்சை விடுங்கள். சோதித்துப் பார்த்துச் சென்சாரை மாற்றினார்களா, ஸ்கேனரில் பழுதுக் குறியீடு (கோடு) வந்ததுமே மாற்றினார்களா? வழக்கு இதில்தான் நிற்கிறது.

பி0340 (P0340) கோடு, இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் நிலையைச் சொல்லும் கேம் சென்சாரின் சர்க்யூட்டில் சிக்னல் சரியில்லை என்று மட்டுமே சொல்லும். காந்தப்புல மாற்றத்தை உணரும் ஹால் வகை சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். கனெக்டரில் ஆயில் இறங்கினாலும், ஒயர் உரசி அறுந்தாலும் இதே கோடு வரும். பி0016 (P0016) என்றால், கேம்ஷாஃப்டை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் செயினையும் பார்க்க வேண்டும். ஒயரைச் சோதித்த குறிப்பே ஜாப் கார்டில் (செய்த வேலையை சர்வீஸ் சென்டர் எழுதும் தாளில்) இல்லாமல் ஒரே பாகத்தை இருமுறை மாற்றியிருந்தால், சேவைக் குறைபாடு என்று வாதாட இடமுண்டு.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. கோபத்தில் வண்டியை வெளி மெக்கானிக்கிடம் விடுவார்கள். அவர் பழுதுக் குறியீட்டை அழித்து, ஒயரைச் சரிசெய்வார், வண்டி ஓடும். பழுது வந்தபோது இருந்த வேகம், இன்ஜின் சூடு எல்லாம் பதிந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலும் கோடோடு அழிந்துவிடும். ‘வெளியாள் கைவைத்த வண்டி’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி எழுதினால், மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. எனவே முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுங்கள். கழற்றிய இரண்டு சென்சார்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘முழுத் திருப்தி’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 38ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். சில சென்சார்கள் சூட்டில் மட்டும் சிக்னலை விடும், ஆறியதும் வேலை செய்யும். ஆறிய நிலையில் சோதித்து ‘குறையில்லை’ என்று அறிக்கை வந்தால் அது உங்களுக்கு எதிரான சாட்சி. சூடேற்றிச் சோதிக்கும்படி மனுவிலேயே கேளுங்கள்.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். இந்த அளவு பில்லுக்கு அவ்வளவு தரமாட்டார்கள். இரண்டு பில் தொகையும் திரும்ப வேண்டும், ஒயரிங்கும் டைமிங்கும் இலவசமாகப் பார்த்துத் தர வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கி முடித்துக்கொள்ளுங்கள். மறுத்தால், ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான இரண்டு வருடக் கெடுவை முதல் பில் தேதியிலிருந்தே எண்ணுங்கள். பேச்சுவார்த்தை நடந்த மாதங்களைக் கழித்துத் தரமாட்டார்கள்.