‘குழந்தைகள் என்றால் உயிர்’ என்பதற்கு அடுத்த வரி என்ன?

அன்புள்ள மாணவிக்கு,

பிளஸ் டூ முடித்துவிட்டு மழலையர் கல்விப் பட்டயப் படிப்பில் சேர விரும்புவதாகவும், விண்ணப்பத்துடன் ‘மழலையர் கல்வி குறித்த என் நம்பிக்கைகள்’ என்று ஒரு பக்கம் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். ‘குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்’ என்று தொடங்குகிறது. அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் அனைவரும் எழுதப்போகும் வரி அது. மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேர் இருக்கும் அறையில் காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அதை ஏன் செய்வீர்கள் என்பதையே தேர்வுக் குழு அறிய விரும்பும்.

முதலில் நோக்கம். ‘ஒன்றாம் வகுப்புக்குத் தயார் செய்வது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான பெற்றோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வைத் தேடிப் படியுங்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மழலையர் கல்வி அளித்தார்கள். ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போய்த் தாயுடன் பேசினார். அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் (ஐ.க்யூ.) முதலில் உயர்ந்தது. தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. ஆய்வை அத்தோடு நிறுத்தியிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, அந்தப் பள்ளிக்குப் போனவர்களில் கூடுதலானோர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கைதானவர்கள் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எடுத்த காரியத்தை முடிப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, பிறரோடு சேர்ந்து செய்வது ஆகியவையே இந்த வயதில் ஊன்ற வேண்டியவை என்ற என் நம்பிக்கைக்கு அது வலுச்சேர்க்கிறது. நீங்களும் அப்படி நம்பினால், அதை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

நடைமுறையில் உங்களை அதிகம் சோதிக்கப்போவது எழுத்துதான். ‘சேர்த்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அ, ஆ எழுதவில்லையே’ என்று ஒரு தாய் நிச்சயம் கேட்பார். நேர்காணலிலும் இதைக் கேட்பார்கள். மூன்று வயதில் பென்சிலை முழுக் கையால் பற்றும் குழந்தைகள் பலர் உண்டு. விரல்களுக்கு வலு வரக் களிமண் பிசைய வேண்டும், மணி கோக்க வேண்டும், புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பிரிக்க வேண்டும் (எதையும் வாயில் போடும் குழந்தை இருந்தால் உங்கள் கண் அங்கேயே இருக்கட்டும்). பல்லாங்குழியில் குழிக்கு ஒரு காயாகப் போட்டுக்கொண்டு போகும் குழந்தை, எண்ணுவதன் அடிப்படையைக் கற்கிறது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவும்படி செய்தார். இரண்டிலும் விரல்தான் முதலில் எழுதுகிறது. அந்தத் தாயிடம் வாதாடாமல், அவருடைய குழந்தை மணி கோப்பதை அருகில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன் என்று நீங்கள் எழுதினால், அந்த ஒரு வரிக்காகவே உங்கள் தாளை எடுத்துவைப்பார்கள்.

‘கவனிப்பு வேறு, கல்வி வேறு’ என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டமே ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒன்றாகத்தான் வைத்தது. கை கழுவி, வட்டமாக உட்கார்ந்து, சிந்தாமல் சாப்பிடுவதும் பாடவேளைதான். வீட்டில் பேசும் மொழியிலேயே குழந்தையிடம் பேசுவேன் என்பதையும் சேருங்கள். அழுகிற குழந்தையை அந்நிய மொழியில் தேற்றுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

உங்கள் அம்மாவின் கவலைக்கு வருகிறேன். ‘ஆயா வேலைக்கு எதற்குப் படிப்பு?’ என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வி இந்தத் தொழிலை அறியாதவர்களின் கேள்வி. ஆனால் சம்பளம் பற்றிய அவருடைய பயம் நியாயமானது. பல தனியார் மழலையர் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக வேண்டுமானால் தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. மழலையர் கல்விச் சான்றிதழ் மட்டும் போதாது. எனவே அந்தக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்றால், இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயத்தை முதலில் முடித்துவிட்டு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயத்தைத் தொலைநிலையில் படிக்கலாம். மேல்படிப்பில் ஆர்வம் இருந்தால் மனையியல், மனித வளர்ச்சியியல் பட்டங்களும் உண்டு.

பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி கேட்டு, சில நாட்கள் காலை முதல் மதியம் வரை உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு வரைவைத் திருத்தி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அதுவரை எந்த நிறுவனத்திலும் கட்டணம் செலுத்த வேண்டாம். ‘மாண்டிசோரி பயிற்சி’ என்று பலகை வைத்தவை எல்லாம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றவை அல்ல. அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, அம்மாவும் நீங்களும் சேர்ந்து படித்துப் பாருங்கள்.