துரியோதனனுக்கு அழுதவர்கள்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் நாடகம் பயிலும் மாணவன் நான். தமிழில் துன்பியல் மரபே இல்லை என்று ஒரு கருத்தரங்கில் பேசினார்கள். கண்ணகியும் திரௌபதியும் தெய்வமாகிவிடுகிறார்கள், தீயில் இறங்கிய நந்தனார் முனிவராக எழுந்துவிடுகிறார், கடைசியில் கோயில் எழுவதால் அவலம் கரைந்துபோகிறது என்றார்கள். இது சரியா? 2004 சுனாமியைத் துன்பியல் நாடகமாக எழுத விரும்புகிறேன். எந்த வடிவம் பொருந்தும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பண்ருட்டிப் பக்கம் என் தாயார் பிறந்த ஊரில், பாரதக் கூத்தின் கடைசி நாளில் துரியோதனன் வதையை நடத்தும் படுகளம் பார்த்துவிட்டுக் கடலூர் திரும்பிய அன்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். மனம் இன்னும் அந்தத் திடலிலேயே இருந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

கோயிலில் முடிந்தால் துன்பியல் ஆகாது என்று சொன்னவர் கிரேக்க நாடகங்களைக் கடைசிப் பக்கம் வரை படித்தவராக இருக்க முடியாது. அதைக் குறித்துக்கொண்டு வந்த நீங்களும் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய ஈஸ்கிலஸின் ஒரஸ்தியா நாடகத் தொகுதியின் இறுதியில், தாயைக் கொன்ற மகனைத் துரத்திவந்த பழிவாங்கும் தெய்வங்கள் சினம் தணிந்து, அந்நகரத்திலேயே இடமும் வழிபாடும் பெற்று அமர்கின்றன. சாவில்தான் முடிய வேண்டும் என்று அரிஸ்டாட்டிலும் விதிக்கவில்லை. கொல்ல ஓங்கிய கை, எதிரில் நிற்பது தன் இரத்தம் என்று கடைசிக் கணத்தில் அறிந்து நின்றுவிடும் கதைகளை அவர் உயர்த்தியே பேசுகிறார். நந்தனாரைப் பற்றிய வருத்தத்தில் நியாயம் உண்டு. அவர் தீ வழியாகத்தான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது என்பதை எந்த முனிவர் கோலமும் மறைத்துவிடாது. அதைத் தனியே பேசுவோம்.

அவலத்துக்கு என்னிடம் ஒரே உரைகல்தான் உண்டு. தோற்றவனுக்காக, அதிலும் தன் பகைவனுக்காக, ஒரு சமூகம் அழுகிறதா? சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்கள் தோற்றது கி.மு. 480இல். எட்டே ஆண்டுகளில் அதே ஈஸ்கிலஸ், வென்ற ஏதென்ஸ் மக்களின் முன்னால், பாரசீக அரண்மனையின் துயரத்தை நாடகமாக்கினார். அரசனைப் பெற்றவள் செய்திக்காகக் காத்திருக்கிறாள். அவனோ கிழிந்த உடையோடு வந்து முதியவர்களோடு சேர்ந்து புலம்புகிறான். வென்ற கிரேக்கர் ஒருவரின் பெயர்கூட அதில் வராது. நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் மிகப் பழையது அதுதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, என் தாயாரின் ஊரில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. துகிலுரிந்த இரவில் எங்கள் ஆயா துரியோதனனை வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தாள். கடைசி நாள் காலையில் அவன் கோயிலுக்கு எதிர்த் திடலில் மண்ணுருவமாக மல்லாந்து கிடந்தான். முறுக்கிய மீசை, பெரிய வெள்ளை விழிகள், வலத் தொடைக்குள் செந்நீர் நிரப்பிப் புதைத்த கலயம். வீமன் வேடக்காரர் கதையால் ஓங்கி அடித்ததும் கலயம் உடைந்து செந்நீர் மண்ணில் பரவியது. அதைத் தொட்டுத் தடவித் திரௌபதி கூந்தல் முடித்தாள். சனங்கள் ஆரவாரித்தார்கள். நான் ஓடிப்போய் அந்த மண் கையின் மேல் ஏறி மிதித்தேன். ஆயா என்னை இழுத்துக் கன்னத்தில் அறைந்தாள். “எறங்குடா. பெத்தவ இன்னும் அழுது முடிக்கல.”

காந்தாரி வேடம் கட்டியவர் தலைவிரிகோலமாக அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். அவர் அந்த மண் மார்பில் விழுந்து ஒப்பாரி எடுத்ததும், முந்தைய இரவு வரை அவனைச் சபித்த பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து கூடவே அழுதார்கள். அழுது ஓய்ந்தபின் ஆயா அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்து, வீட்டுக்கு வந்து நெல் குதிருக்குள் போட்டாள். பகைவனின் உடம்பு அந்த ஆண்டு முழுவதும் எங்கள் விதைநெல்லோடு கிடந்தது.

இதே செயலைத்தான் கம்பனும் செய்கிறான். இராமனைப் பரம்பொருளாகவே கொண்டவன் அவன். ஆயினும் இராவணன் விழுந்ததும் மண்டோதரியை மனமார அழவிடுகிறான். கயிலையைத் தூக்கிய மேனியில் எள் வைக்கவும் இடமில்லாதபடி அம்பு துளைத்திருக்கிறது. சானகியை மனச்சிறையில் கரந்த காதல் உள்ளே எங்கேனும் மிச்சமிருக்கும் என்று எண்ணித்தான் அம்பு தேடியதோ என்னும் பொருளில், “உடல் புகுந்து தடவியதோ ஒருவன் வாளி” என்று கேட்கிறாள். வாளி என்றால் அம்பு. அவள் இராமன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காவியத் தலைவன், கடவுள், அந்தப் பெண்ணின் வாயில் வெறும் ‘ஒருவன்’ ஆகிவிடுகிறான். பக்தியில் ஊறிய ஒரு கவிஞன், கணவனை இழந்தவளின் பக்கம் நின்று, தன் தெய்வத்தை அவள் கண்ணால் பார்த்துவிட்டான். இந்த ஒரு சொல்லை ஒரு நாள் முழுக்க வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகு நமக்குத் துன்பியல் இல்லை என்று யாரேனும் பேசினால் எழுந்து நின்று மறுக்க உங்களுக்கே குரல் வரும்.

நம் வரலாற்றுக்குத்தான் அந்த ஒப்பாரி கிடைக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை, ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துத் தகர்த்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். தோற்ற லாலியை 1766இல் பாரிசில் அவருடைய அரசே தலையை வெட்டிக் கொன்றது. நீங்கள் தினமும் நடக்கிற தெருக்கள் அந்த இடிபாட்டின் மேல் எழுந்தவை.

சுனாமிக்கு வடிவம் கேட்டீர்கள். வடிவத்தை இப்போதே தேடாதீர்கள். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்துக்குப் போய், பிள்ளையை வாரிக்கொண்ட அதே கடலில் பாலை ஊற்றி அழும் பெண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் நோட்டு வேண்டாம். அடுத்த படுகளத்துக்கு நானே உங்களை அழைத்துப்போகிறேன். விடியலுக்கு முன்பே வந்துவிடுங்கள். உச்சிப்பொழுதுக்குள் அந்த மண்ணைப் பெண்கள் பிடி பிடியாக எடுத்துப் போய்விடுவார்கள்.