26 கிலோ மூட்டை, 45 நாள் பில், டெல்டாவில் வேலை: கேள்வி பதில்

கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் வந்தவருக்குத்தான் முழுப் பதில். பயிர்க் காப்பீடு, நகைக்கடன், பட்டா மாறுதல் எல்லாம் எனக்கு வராது. மாவட்டத் தொழில் மையத்தில் காலம் தள்ளியவன் நான். ஆலை, வண்டி, கூலி ஆகிய மூன்றின் மேலும் அரசு உத்தரவு எப்படி வந்து விழுகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த சங்கதி. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அனுப்பி "இது உண்மையா சார்" என்று கேட்க வேண்டாம். உத்தரவு எண்ணும் தேதியும் இருந்தால் பேசலாம்.

மன்னார்குடி, அரிசி ஆலை: எல்லாரும் 26 கிலோ பை போடுகிறார்கள். நான் இன்னும் 25இல் இருக்கிறேன். மாறலாமா ஐயா?

முதலில் இது ஏன் வந்தது என்று பார்ப்போம். முன்பு பிராண்டு போட்ட அரிசிக்குத்தான் 5 சதவீத ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல் பிராண்டு கணக்கில் இல்லை. முன்கூட்டியே அடைத்து லேபிள் போட்டு, எடை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் வரி கிடையாது. அந்த ஒரு கிலோவில்தான் 26 கிலோ பை பிறந்தது. கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோ பைக்கு 75 ரூபாய் வரி. கடைக்காரர் பக்கத்து ஆலையின் 26ஐ எடுக்காமல் உங்களுடையதை ஏன் எடுப்பார்? அந்த வகையில் மாறுவது சரிதான்.

ஆனால் பெரும்பாலோர் பார்க்காத மறுபக்கம் ஒன்று உண்டு. வரியில்லாத பொருளை விற்றால், நீங்கள் வாங்கியதற்குக் கட்டிய வரி திரும்ப வராது. பிளாஸ்டிக் சாக்குக்கு 2020 ஜனவரி முதல் 18 சதவீதம். அது சில்லறை, விடுங்கள். அதே 2022 ஜூலை 18 அன்று தானியம் சுத்தம் செய்யும், பிரிக்கும் இயந்திரங்களுக்கும் அரவை இயந்திரங்களுக்கும் வரியை 5இலிருந்து 18க்கு ஏற்றினார்கள். 40 லட்சத்துக்குக் கலர் சார்ட்டர் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் இயந்திரம்) வாங்கினால் 7 லட்சத்து 20 ஆயிரம் வரி. எல்லாமே 26 கிலோ என்றால் அது முழுக்க உங்கள் தலையில். 25, 10, 5 கிலோவும் விற்கிறீர்கள் என்றால் அந்த விகிதத்துக்குக் கழித்துக்கொள்ளலாம். இந்த வருஷம் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால், பை மாற்றுவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்.

பெரிய பைக்குள் 13 கிலோ பை இரண்டு வைத்து 26 என்று காட்டும் யோசனையை யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது செல்லாது. உள்ளே இருப்பது சில்லறைப் பை என்றால் அதற்கு வரி உண்டு.

பட்டுக்கோட்டை, மளிகைக் கடை: 25 கிலோ பையைப் பிரித்து நிறுத்து விற்றால் வரி உண்டா?

இல்லை. பை வாங்கும்போது கட்டியது கட்டியதுதான்.

தஞ்சாவூர், லாரி உரிமையாளர்: அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் வண்டி இரண்டு நாள், மூன்று நாள் நிற்கிறது. டிரைவர் பேட்டா என் கையை விட்டுப் போகிறது. யாரைக் கேட்பது?

கொள்முதல் நிலையத்தில் நிற்கும் வண்டிக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நிலையத்தில் இருக்காது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து அடுக்குகிறார்கள். டெல்டாவில் விளைவதை டெல்டா ஆலைகளே அரைத்துத் தீர்க்க முடியாது. எனவே தஞ்சாவூர், நீடாமங்கலம், கும்பகோணம் என்று ரயிலடிக்குக் கொண்டுபோய் வெளிமாவட்ட அரவைக்கு அனுப்புகிறார்கள். ஒரு சரக்கு ரயிலுக்கு 42 வேகன், ஏறக்குறைய 2,000 டன். அதாவது 50,000 சிப்பம். ஒவ்வொன்றையும் களத்தில் ஒரு முறை லாரியில் ஏற்றி, ரயிலடியில் இன்னொரு முறை வேகனுக்கு மாற்ற வேண்டும், எல்லாம் ஆள் முதுகில். பத்து டன் வண்டி என்றால் 250 நடை. ரயில் வந்து நின்றுவிட்டால் குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். அதனால் அன்றைக்கு ஆளும் வண்டியும் அந்தப் பக்கம் போய்விடும். உங்கள் நிலையம் காத்துக் கிடக்கும்.

அடுத்த முட்டுக்கட்டை ஆலையில். ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ செறிவூட்டிய மணி, அதாவது ஊட்டச்சத்து சேர்த்த அரிசி மணி, கலக்க வேண்டும் என்பது 2025 குறுவையின்போது ஒன்றிய அரசின் விதியாக இருந்தது. அந்த மணி டெண்டரில் வாங்கி, தரம் பார்த்து, ஒப்புதலாகி வர வேண்டியிருந்தது. அது வராவிட்டால் ஆலை அரிசியைக் கொடுக்க முடியாது. அரிசி நகராவிட்டால் நெல்லை இறக்க இடமில்லை. அந்தக் குறுவையில் மழைக்கு நடுவே நெல் தேங்கியபோது இந்த ஒப்புதல் தாமதம்தான் காரணம் என்றது மாநில அரசு. முன்கூட்டியே திட்டமிடவில்லை என்றன எதிர்க்கட்சிகள். எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். ஒரு கிலோ மணிக்காக 99 கிலோ அரிசி நின்றது, அதற்குப் பின்னால் உங்கள் வண்டி நின்றது. அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஒப்பந்தக்காரரிடம் ஹால்டிங் சார்ஜ் (வண்டி காத்திருக்கும் கட்டணம்) இத்தனை மணிக்கு மேல் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வண்டி விட்டால் பேட்டா உங்கள் கணக்கில்தான்.

திருவெறும்பூர், ஃபேப்ரிகேஷன் பட்டறை: பில் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. 45 நாளில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 2006 குறு சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாள், எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் பிடி போட்டார்கள். கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் கடைசியில் பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் தாங்களாகவே போன் பண்ணுகிறார்கள்.

ஆனால் இது குறு, சிறு நிறுவனத்துக்குத்தான். நடுத்தர நிறுவனத்துக்கும் வெறும் வியாபாரிக்கும் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்தின் வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி என்று உயர்ந்துவிட்டது. உங்கள் பட்டறை நிச்சயம் உள்ளே வரும். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு (ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் பதிவு) இருக்கட்டும், எண்ணை எல்லா பில்லிலும் அச்சடியுங்கள். சரக்கு இறங்கிய தேதியைச் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். தொழில் மையத்தில் இருந்தபோது, தேதி இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கிவந்த சலான்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்புறம் புகார் போட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

திருத்துறைப்பூண்டி, அரவை ஆலை: 26 கிலோ பைக்கு மாறினால் லாபமா?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகப்பட்டினம், அரிசி வியாபாரம்: புழுங்கல் அரிசி ஏற்றுமதியில் இறங்கலாம் என்றிருக்கிறேன். நல்ல நேரமா?

நேரம் பார்ப்பது என் தொழில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை வந்தது. 2024 செப்டம்பரில் அது 10 ஆனது, அக்டோபரில் எடுத்தேவிட்டார்கள். போட்டதும் எடுத்ததும் ஒரே இரவில். விலை பேசிக் கையெழுத்துப் போட்ட பிறகு தீர்வை வந்தால் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கும்பகோணம், ஜவுளிக் கடை: பெண்களுக்கு இலவசப் பேருந்து விட்டதால் அரசுக்கு நஷ்டம்தானே?

உங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2021 மே மாதம் திட்டம் வந்தது, சாதாரண நகரப் பேருந்தில் மட்டும். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. கடைச் சம்பளத்தில் 888 ரூபாய் சின்னத் தொகை இல்லை. பஸ் காசு போக ஒன்றும் நிற்காது என்று வேலைக்கே வராமல் இருந்தவர்கள் இப்போது வருகிறார்கள். அதில் நேரடி லாபம் உங்களுக்கும்தான். அரசு அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒழுங்காக ஈடு செய்கிறதா என்று கேளுங்கள், அது சரியான கேள்வி.

திருவாரூர்க்காரர், சென்னையில் வேலை: வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் டெல்டாவில் தொழிற்சாலையே வராது என்று ஆகிவிட்டது. படித்தவன் திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போக வேண்டியதுதானா சார்?

சட்டத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறீர்களா தம்பி? 2020 பிப்ரவரியில் நிறைவேறியது. துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலை, இரும்பு எஃகு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுக்கத் துளையிடுதல் எல்லாம் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை அது தொடவில்லை. துறைமுகம், குழாய், சாலை, மின்சாரத்தையும் தொடவில்லை. ஆயத்த ஆடைக்கோ உணவு பதப்படுத்தலுக்கோ மென்பொருளுக்கோ தடை எங்கே இருக்கிறது? 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்த தஞ்சாவூர் இந்தச் சட்டத்துக்குள் இருக்கும் மாவட்டம்தான்.

மன்னார்குடி, விவசாயி: தம்பிக்கு மீத்தேன் கிணறு வந்திருந்தால் வேலை கிடைத்திருக்குமோ? நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசினாரே, எதற்கு?

திருவாரூர்க்காரர்: நான் மீத்தேன் கேட்கவில்லை அண்ணே. நடவுக்கே மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறது. அறுப்புக்கு பெல்ட் வண்டி. ஊர்ப் பையன் என்ன செய்வான்?

மன்னார்குடி, விவசாயி: பெரிய ஆலை வந்தாலும் காண்ட்ராக்ட் ஆளைத்தான் வெளியிலிருந்து இறக்குவான். நிலம் போனது போனதுதான்.

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டம் வேண்டாத ஒன்று என்பவர்கள் 2023 ஏப்ரலை நினைத்துப் பார்க்கட்டும். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி ஏலப் பட்டியலில் பெயர் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் விலக்கினார்கள். ஆனால் வேலை இல்லாததற்கு இந்தச் சட்டத்தைக் காட்டுவதும் தப்பு. 2020க்கு முன்னால் இங்கே என்ன ஆலை ஓடிக்கொண்டிருந்தது? நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920களிலேயே திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. 1960களில் பெல் நிறுவனம் வந்தபோது இறங்கியது திருச்சிப் பக்கம் திருவெறும்பூரில்.

காரணம் மண்ணில் இருக்கிறது. ஒரு ஏக்கர் நன்செயை ஒரு மீட்டர் மேடாக்க ஏறக்குறைய 4,000 கன மீட்டர் மண் வேண்டும். பத்து கன மீட்டர் டிப்பர் என்றால் 400 நடை. அதற்கு முன்னால் நிலப் பயன்பாட்டை மாற்ற ஆட்சியர் ஒப்புதல். பக்கத்து வயலுக்கு வடிகால் அடைபட்டால் வழக்கு. இதெல்லாம் முடிந்து உற்பத்தி செய்தால் கன்டெய்னர் ஏற்ற சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். முதல் போடுகிறவன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மணப்பாறைப் பக்கம் போகிறான். சட்டப் புத்தகத்தைப் பார்த்து அல்ல.

மன்னார்குடி, விவசாயி: அப்போது நன்செயைத் தூர்க்கச் சொல்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே தொழிற்பேட்டைக்குத் தண்ணீர், மின்சாரம், வயல் ஊர்களிலிருந்து காலை ஷிஃப்டுக்குப் பேருந்து. அந்த மூன்றையும் கேளுங்கள். நெல் வயலில் ஆலை கேட்பதைவிட இது நடக்கும். இதற்கு மேல் இருவரும் டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மயிலாடுதுறை: தரங்கம்பாடி ரயில் எப்போது திரும்ப வரும்?

ரயில்வேயைக் கேளுங்கள்.

வேதாரண்யம், உப்பளம்: அகஸ்தியம்பள்ளி வரை பாதை வந்துவிட்டது. உப்பு ரயிலில் போகுமா?

2023 ஏப்ரலில் அந்த 37 கிலோமீட்டரைத் திறந்தபோது உப்பையும் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் பாதை மட்டும் போதாது. சரக்கு ஏற்றத் தனி மேடையும் ரயில் நிறையும் அளவு சரக்கும் ஒரே நாளில் வேண்டும். தனித்தனி உப்பளக்காரர்கள் 2,000 டன் சேர்க்க முடியாது. சங்கமாகச் சேர்ந்து கோட்ட அலுவலகத்தில் எவ்வளவு தர முடியும் என்று எழுத்தில் கொடுங்கள்.

பேராவூரணி: 26 கிலோ...

மேலே.

நாச்சியார்கோவில், விளக்குப் பட்டறை: எனக்கு 32 வயது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் கடன் கிடைக்குமா?

அதற்குக் குறைந்தது 35 வயது வேண்டும். உங்கள் அப்பாவோ அண்ணனோ பட்டறையில் இருந்தால் அவர் பெயரில் போடலாம். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதற்கு உச்சவரம்பு 50,000. உங்கள் பெயரில்தான் வேண்டும் என்றால் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்துக்கு 18 வயது போதும். எதுவானாலும் விண்ணப்பத்துக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். வார்ப்பு மண், பித்தளை விலை, மெருகுக் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் திட்ட அறிக்கை போடுங்கள். மொத்தமாக "மூலப்பொருள்" என்று ஒரு வரி எழுதினால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.