படிப்புக்கு நடுவுல ஆந்தை பாக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ பயாலஜி குரூப். ஒரு மணி நேரம் படிச்சா பத்து நிமிஷம் பிரேக் எடுப்பேன், அப்ப மொபைல்ல ஷூபில், ஆந்தைன்னு திருதிருன்னு முழிக்கிற பறவைங்க வீடியோவா பாத்து சிரிச்சிட்டு இருப்பேன். அம்மா "பப்ளிக் எக்ஸாம வச்சிக்கிட்டு என்னடி இளிப்பு"ன்னு திட்டுறாங்க. தப்பாக்கா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: சிரிக்கிறது தப்பே இல்ல கண்ணு. ஷூபில்ல பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது, நாலடி உயரம், பெரிய மரச்செருப்ப மூஞ்சில மாட்டுன மாதிரி அலகு, உகாண்டா, ஜாம்பியா பக்கம் சதுப்புல மணிக்கணக்கா அசையாம நிக்கும். ஏன் அப்படி நிக்குதுன்னா, அங்க இருக்கிற நுரையீரல் மீன் மூச்சு விட தண்ணிக்கு மேல வந்தே ஆகணும், அது தலைய நீட்டுற வரைக்கும் காத்திருந்து ஒரே பாய்ச்சல்ல கவ்விடும்.

அம்மா பயம் பறவைய பத்தி இருக்காது, மொபைல பத்திதான் இருக்கும். ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது தானா வந்துடும், பத்து நிமிஷம் நாப்பது நிமிஷமாயிடும். அதனால நான் சொல்றது, போன உள்ள வச்சிட்டு சாயங்காலம் அஞ்சரை ஆறு மணிக்கு கொல்லைப்பக்கம் போ. பழைய வேப்பமரமோ பட்டுப்போன தென்னையோ பொந்தோட இருந்தா புள்ளி ஆந்தை இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. மைனா அளவுதான் இருக்கும், வெள்ளைப் புருவம், மஞ்சக் கண்ணு. உன்ன பாத்ததும் மூஞ்சிய மேல தூக்கும், கீழ இறக்கும், பக்கவாட்டுல ஆட்டும், மாமியார் மருமகள மேலயும் கீழயும் பாக்குற மாதிரியே இருக்கும்! காரணம் என்னன்னா ஆந்தைக்கு கண்ணு நம்மள மாதிரி உருளாது, குழிக்குள்ள இறுகி உக்காந்திருக்கு, நீ எவ்ளோ தூரத்துல நிக்கிறேன்னு கணக்கு போட தலையையேதான் நகத்தணும். நமக்கு கழுத்துல 7 எலும்பு, அதுக்கு 14, அதான் 270 டிகிரி வரைக்கும் திருப்ப முடியுது. நீ பயாலஜி படிக்கிற பொண்ணு, இது உனக்கு மறக்கவே மறக்காது பாரு. அஞ்சு நிமிஷம் முறைச்சிட்டு அது "சிர்ர்ர்"னு கத்திட்டு பறந்துடும், அதோட உன் பிரேக்கும் முடிஞ்சது. அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு போய் காட்டும்மா.

கேள்வி: எங்க வீட்டு தென்னமரப் பொந்துல ஆந்தை ஜோடி இருக்கு, பேரன் படிக்கிற நேரம் அபசகுனம்னு பொந்த அடைக்கச் சொல்றாங்க. அடைக்கலாமாம்மா?
– ஒரு பாட்டி, பொள்ளாச்சி

பதில்: தயவுசெஞ்சு அடைக்காதீங்கம்மா, உள்ள குஞ்சு இருந்தா அப்படியே செத்துப்போகும். வண்டு, வெட்டுக்கிளி, சுண்டெலின்னு ராத்திரி பூரா உங்க தோட்டத்துல புடிச்சு தின்னுற ஜீவன் அது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைய தொந்தரவு பண்றது குற்றமும் கூட. பேரனுக்கு பரீட்சை நல்லா வர்றதும் வராததும் அவன் படிப்புலதான் இருக்கு, பொந்துல இல்லம்மா.

கேள்வி: ஹாஸ்டல்ல தங்கி நீட்டுக்கு படிக்கிறேன், மரமே கெடையாது, ஜன்னல்ல புறாதான். அது ஏன் தலைய ஆட்டி ஆட்டி நடக்குது?
– மாணவர், சென்னை

பதில்: நல்ல கேள்வி தம்பி. அது ஆட்டுறது இல்ல, தலைய முன்னாடி நீட்டி அங்கயே நிறுத்திடும், உடம்பு வந்து சேந்ததும் திரும்ப நீட்டும். தலை நிக்கிற அந்த நேரத்துலதான் அதுக்கு பார்வை கலங்காம தெளிவா தெரியும். 1978ல கனடாவுல ஒரு ஆராய்ச்சியாளர் புறாவ டிரெட்மில்ல நடக்க விட்டு பாத்தாரு, சுத்தியிருக்கிற காட்சி நகராததால தலை ஆடவே இல்ல. அடுத்த பிரேக்ல ஜன்னல் சன்ஷேடுல நடக்கிறத பாருங்க, காலு முன்னாடி போகும், தலை மட்டும் காத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.