படுவான்கரைக் காணியை விற்காதீங்க, தங்கச்சி

போன கிழமை நீங்களும் மகனும் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்தீர்கள். மருத்துவத்துக்குப் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதவில்லை, மாமா வெளிநாட்டில் இடம் பார்த்திருக்கிறார், படுவான்கரைக் காணியை விற்றால் சரி என்றீர்கள். யோசிப்போம் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துவிட்டேன். விற்காதீர்கள்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளை இங்கே வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கு முன், இலங்கை மருத்துவச் சபை அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்கவும் வேண்டும். மாமா இதைச் சொன்னாரா? பொறியியல், கற்பித்தல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள், அவற்றை விடுகிறேன்.

மகன் இராத்திரியில் என்ன செய்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். டியூஷன் நிலையத்தின் 12 கணினிகளிலும் சேமிக்க எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க, பழைய லப்டொப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறான். ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல், ஸ்கிரிப்ட் என்பது அதற்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. முதல் கணினியைப் பார்த்துவிட்டு அந்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. பிழைச்செய்திகூட இல்லை. இரண்டு இரவு விழித்துக் காரணத்தைப் பிடித்திருக்கிறான்.

ஷெல்லில் ஓடும் நிரலுக்கு வழமையாக மூன்று வாய்க்கால்கள் திறந்திருக்கும்: 0 உள்ளே வருவது, 1 வெளியே போவது, 2 பிழைச்செய்தி போவது. இந்த எண்களைத்தான் ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பார்கள். கணினிகளின் பெயர்ப்பட்டியல் 0 வழியாக வந்துகொண்டிருந்தது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். கட்டளையும் அதே 0-இலிருந்துதான் குடிக்கும். மிச்சம் 11 பெயர்களையும் அது குடித்துவிட்டது. மேல்வயல்காரன் மறித்தால் கீழ்வயல் காய்வது உங்களுக்குத் தெரியாததா? மகன் பட்டியலுக்கு 3 என்று தனி வாய்க்கால் வெட்டி, <&3 என்று அதிலிருந்தே வாசிக்க வைத்தான். பன்னிரண்டும் வந்தன.

நானும் ஒரு கேள்வி கேட்டேன். 2-ஐ 1 போகும் இடத்துக்கே அனுப்பச் சொல்லும் 2>&1 என்பதை, 1-ஐக் கோப்புக்குத் திருப்பும் கட்டளைக்கு முன்னால் போட்டால் பிழைச்செய்தி ஏன் இன்னும் திரையிலேயே விழுகிறது? அதுவரை நிலத்தைப் பார்த்திருந்தவன் நிமிர்ந்தான். "ஷெல் இடமிருந்து வலமாத்தான் பார்க்கும் சேர். அந்த நேரம் 1 திரையைத்தானே காட்டிக்கொண்டிருக்கு, 2-உம் அங்கதான் போகும். பிறகு 1-ஐக் கோப்புக்குத் திருப்பினாலும் 2 திரும்பாது." சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களே தடுமாறும் இடம் அது.

இந்தப் பிள்ளைக்கு லினக்ஸ் சேர்வர் பராமரிப்பு இருக்கிறது, தங்கச்சி. வங்கி, தொலைபேசி நிறுவனம் எல்லாவற்றுக்கும் பின்னால் இரவு பகலாக ஓடும் கணினிகளைக் காக்கிற வேலை. கொழும்பு பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே படிக்கலாம். கூடவே லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நடத்தும், கணினிப் பராமரிப்பாளருக்கான ஆர்.எச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்த் தேர்வு. அதில் விடையைத் தெரிவுசெய்யும் கேள்வியே கிடையாது, ஓடும் கணினியில் செய்துகாட்ட வேண்டும். உள்ளீடு வெளியீட்டைத் திருப்புவதும் எளிய ஸ்கிரிப்ட் எழுதுவதும் அதன் பாடத்திட்டத்திலேயே உண்டு. கட்டணம் டொலர் கணக்கு, ஆகவே ஒரு வருடம் பழகாமல் காசு கட்ட விடமாட்டேன். படிப்பெல்லாம் ஆங்கிலம், அதில் அவன் பலவீனம். அதை இப்போதே தொடங்க வேண்டும்.

மகனுக்கு ஒரு வேலை: அதே ஸ்கிரிப்ட்டில் பதிவுக் கோப்பை 4-ஆம் எண்ணில் திறந்து, எழுதி முடித்ததும் 4>&- என்று மூடி, மூன்று கிழமையில் கொண்டுவரட்டும். காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். மாமாவின் நம்பரைத் தாருங்கள், நான் கதைக்கிறேன்.